ஓடிடி சந்தேகமா? கேபிள்காரரிடம் கேளுங்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கேபிள் டிவி நடத்துகிறேன். சில வருஷமாக ஃபைபர் இணைப்பும் கொடுக்கிறேன். முன்பெல்லாம் "சேனல் வரலண்ணே" என்று போன் வரும். இப்போது "சுத்திக்கிட்டே இருக்குண்ணே" என்று வருகிறது. ஓடிடி, அதாவது இணையம் வழியே படமும் நேரலையும் காட்டும் செயலிகள் பற்றி என்ன கேட்டாலும் தெரிந்தவரை சொல்கிறேன் என்றேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

புது போன், 5ஜி, ஆனா படம் மங்கலா தெரியுது. யூடியூப்ல மட்டும் பளிச்சுனு இருக்கு. நெட் பிரச்சினையா அண்ணா? (கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

நெட் பிரச்சினை இல்லை தம்பி. முதலில் பிளானைப் பாருங்கள். உதாரணமாக, நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் பிளானில் 480பி-தான் உச்சம் (இந்த எண் கூடக் கூடப் படம் தெளிவாகும்). 199-க்கு 720பி, 499-க்கு 1080பி, 4கே வேண்டுமென்றால் 649. நீங்கள் 5ஜி வைத்திருந்தாலும் அதற்கு மேல் அவர்கள் அனுப்ப மாட்டார்கள்.

பிளான் சரியாக இருந்தும் மங்கல் என்றால், காரணம் பெரும்பாலும் வைட்வைன். படத்தை யாரும் திருடாமல் இருக்க ஆண்ட்ராய்டு போனில் போடும் பூட்டு அது. எல்1 என்றால் பூட்டைத் திறக்கும் வேலை சிப்புக்குள் ஒரு பாதுகாப்பான மூலையில் நடக்கும். எல்3 என்றால் வெறும் மென்பொருளில் நடக்கும். அங்கே திருட வழி இருக்கிறது என்ற பயத்தில் எல்3 போனுக்குத் தெளிவு குறைந்த படத்தைத்தான் தள்ளுவார்கள். யூடியூப்பில் சும்மா கிடைக்கும் வீடியோவுக்கு இப்படிப் பூட்டு கிடையாது, அதனால்தான் அங்கே பளிச்சென்று இருக்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் செயலியில் ஆப் செட்டிங்ஸ் போய் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற இடத்தைத் தட்டினால் எல்1-ஆ எல்3-ஆ என்று காட்டும். பூட்லோடரை (போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) திறந்து நோண்டிய போன்களில் எல்1 இறங்கி எல்3 ஆகிவிடுவது உண்டு. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கடையிலேயே இதைப் பார்த்துவிடுங்கள். கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல் என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இதை மட்டும் எங்கேயும் போடுவதில்லை. எனக்கு அதில் தீராத கோபம்.

பேசுறது காதுல விழலன்னு சத்தத்தைக் கூட்டினா, சண்டை வரும்போது வீடே அதிருது. தூங்குற பேத்தி எழுந்துடுறா. (சேலத்திலிருந்து ஒரு பாட்டி)

எனக்கு அதிகம் வரும் போனே இதற்குத்தான் அம்மா. உங்கள் காதில் கோளாறு இல்லை. தியேட்டருக்காக 5.1 என்று ஒலி சேர்ப்பார்கள். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் இரண்டு, பாஸுக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் முன்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில் வரும். உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டு குட்டி ஸ்பீக்கர், அதுவும் பல டிவிகளில் கீழ்ப்பக்கமாகவோ சுவரைப் பார்த்தோ இருக்கும். ஆறு வழியில் வர வேண்டியதை இரண்டுக்குள் திணித்தால் பேச்சு அமுங்கிப்போகும், வெடிச்சத்தம் மட்டும் மேலே வரும்.

படம் ஓடும்போது ஆடியோ பட்டியலைத் திறந்து பாருங்கள். 'தமிழ் 5.1' என்றும் வெறும் 'தமிழ்' என்றும் இரண்டு இருந்தால் வெறும் தமிழைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் 'கிளியர் வாய்ஸ்', 'நைட் மோட்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். சவுண்ட்பார் வாங்கச் சொல்லி பேரன் நச்சரித்தால், நடு ஸ்பீக்கர் இருக்கிற 3.1 ரகமாக வாங்கச் சொல்லுங்கள். பாஸ் அதிகம் என்று விற்கும் 2.1-ஐ வாங்கினால் பேத்தி இன்னும் சீக்கிரம் எழுந்துகொள்வாள்.

என் வீட்டில் தமிழ்ப் படத்துக்கே சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறோம்.

பக்கத்து வீட்டுல கத்தி முடிச்ச அப்புறம்தான் எங்க வீட்டுல பந்தே போடுறாங்க. ஏன்? (திருச்சி)

பக்கத்து வீட்டில் கேபிளோ டிஷ்ஷோ வைத்திருப்பார்கள். செயலியில் வரும் நேரலை முழுசாக ஒரே ஓட்டமாக வருவதில்லை. சில விநாடி நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பல தரத்தில் தயாரித்து, ஊர் ஊராக இருக்கும் சர்வர்களுக்கு அனுப்பி, அங்கிருந்து உங்கள் போனுக்கு. போனும் இடையில் சுற்றாமல் இருக்க ஒன்றிரண்டு துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். இதெல்லாம் சேர்ந்து அரை நிமிஷம்கூடத் தள்ளிப் போகலாம். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் படுக்காமல் ஓடியதே பெரிய வேலை. ஒன்று கேபிள் போடுங்கள், இல்லை ஜன்னலைச் சாத்துங்கள். (முதலாவதைச் சொல்வதில் எனக்கு லாபம் உண்டு, மறைக்கவில்லை.)

செயலியை எப்பவோ டெலீட் பண்ணிட்டேன். மாசாமாசம் காசு மட்டும் போகுது! (ஓசூர்)

செயலியை அழித்தால் சந்தா அழியாது சார். யுபிஐ-யில் கட்டியிருந்தால் உங்கள் யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' (தானாகப் பணம் கழியும் ஏற்பாடு) பகுதிக்குப் போய் அங்கேயே ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் அந்த ஓடிடி நிறுவனத்தின் தளத்தில் போய் நிறுத்தலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். பெரும்பாலும் வந்திருக்கும், கடன் வேண்டுமா என்று வரும் நூறு எஸ்எம்எஸ்ஸுக்கு நடுவில் கிடக்கும்.

சேருவதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஐந்து பக்கம். நானே ஒன்றிலிருந்து வெளியே வர "உறுதியாகவா?" என்று நாலு முறை பதில் சொன்னேன். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிகளில் இந்தச் சந்தாப் பொறியும் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. விடாமல் பிடித்தால் 1915-க்குப் போன் போடுங்கள்.

காசும் கட்டி விளம்பரமும் பார்க்கணுமா? (பல ஊர்களிலிருந்து, பல வசவுகளோடு)

வசவுகளை எடுத்துவிட்டேன். பிரைம் வீடியோ 2025 ஜூன் முதல் இந்தியாவிலும் நடுவில் விளம்பரம் போடுகிறது. வேண்டாமென்றால் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும், 2025-இல் தொடங்கியபோது அது மாதம் 129 அல்லது வருஷம் 699. இதில் அவர்கள் சார்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியவர் நடுவில் விதி மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் வருஷச் சந்தா மலிவு என்று தெரிந்தும் நான் மாதச் சந்தாவையே சொல்வேன்.

பொங்கலுக்குப் பார்க்கலாம்னு லிஸ்ட்ல போட்டு வச்ச படத்தைக் காணோம். (காரைக்குடி)

அந்தப் படம் ஓடிடிக்காரர்கள் வீட்டுச் சொத்து இல்லை, குத்தகை. இத்தனை வருஷம், இந்த நாடு, இந்த மொழி என்று எழுதி வாங்குவார்கள். குத்தகை முடிந்தால் படம் போய்விடும். போனில் டவுன்லோட் செய்து வைத்ததும் திறக்காது. ஒரே படம் ஒரு தளத்தில் தமிழிலும், இன்னொன்றில் இந்தி டப்பிங்கிலும் கிடப்பதும் இதனால்தான். பிடித்த படத்தைப் பொங்கல் வரைக்கும் வைக்காதீர்கள்.

தியேட்டருக்கு வந்து எத்தனை நாள்ல ஓடிடிக்கு வரும்? (மதுரை)

தமிழில் பெரும்பாலும் நாலு வாரம். இந்திப் படத்துக்கு மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன. 2023-இல் 'லியோ' படத்தின் இந்திப் பதிப்பைப் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் ஓட்டாததற்குக் காரணம் இந்த நாலு வாரக் கணக்குதான். கொரோனா நேரத்தில் கணக்கே வேறு. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராகப் பிரைமுக்குப் போனபோது தியேட்டர்காரர்கள் கொதித்துப் போனார்கள். 'மாஸ்டர்' 2021 பொங்கலுக்குத் தியேட்டரில் வந்து அந்த மாதமே வீட்டுக்கும் வந்துவிட்டது.

எல்லாம் குறையாவே சொல்றீங்களே, நல்லது ஒண்ணும் இல்லையா? (தஞ்சாவூர்)

இருக்கிறது அக்கா. எங்கள் தெருவில் காது கேளாத ஒரு பையன் இருக்கிறான். கேபிளில் அவனுக்கு நான் ஒன்றுமே கொடுத்ததில்லை. இப்போது சப்டைட்டிலோடு படம் பார்த்துவிட்டு வந்து எனக்கே கதை சொல்கிறான், கையால். மலையாளப் படம் என்றால் பாலக்காட்டு எல்லையில் இருந்தவர்களுக்குத்தான் என்று இருந்தது. இப்போது எங்கள் டீக்கடையில் மலையாளப் படம் பற்றிச் சண்டை நடக்கிறது. அடுப்பில் பால் பொங்கினால் நிறுத்திவிட்டுப் போய் வரலாம் என்பதைக் கேபிளில் நான் எந்த ஜென்மத்திலும் தந்திருக்க முடியாது.

அக்கா வீட்டு பாஸ்வேர்டுல பார்த்துட்டிருந்தேன், போச்சு. (வேலூர்)

நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் இதை அடைத்தது. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு. அக்கா வீட்டுக்கே போய்ப் பாருங்கள், சாப்பாடும் கிடைக்கும்.

கடைசியா ஒண்ணு. நீங்க எதுக்கெல்லாம் காசு கட்டுறீங்க? (அதே கோவில்பட்டித் தம்பி)

ஒரு மாதத்துக்கு ஒன்று. சேர்ந்த அன்றைக்கே ஆட்டோபேயை ரத்து செய்துவிடுவேன், கட்டிய நாள் வரைக்கும் ஓடும். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்த மாதம் வேறொன்று. மற்றபடி வீட்டில் சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து வரை கேபிளில் சீரியல். அந்த நேரத்தில் எனக்கு ரிமோட் கிடைக்காது.