காணி உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்

போன கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார். கையில் உயர்தரப் பெறுபேறு, கூடவே காணி உறுதி. பொறியியல் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. கொழும்பில் தனியார் பொறியியல் பட்டத்துக்குச் சேர்க்கச் சொல்கிறாராம் கனடா மாமா. முதல் வருடக் காசு அவருடையது, மிச்சத்துக்குக் காணியை ஈடு வைக்க வேண்டும்.

ஆறுதல் சொல்லத்தான் தொடங்கினேன். உறுதியைக் கண்டதும் மனம் கேட்கவில்லை. அம்மா, ஈடு வைக்காதீர்கள். மாமா தருவது ஒரு வருடக் காசு, கடன் உங்கள் தலையில். பிள்ளையின் புள்ளிக்கு அரச பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும். கற்கைக் கட்டணம் இல்லை.

மகள் கொப்பியின் பின்பக்கத்தைக் காட்டினாள். பூமி, அதைச் சுற்றிக் காந்தக் கோடுகள், இரவுப் பக்கம் வால்போல நீண்டிருந்தன. “விண்வெளியில இந்தக் கோடுகளுக்குள்ள ஓடுற இலத்திரனுக்கு இவ்வளவு சக்தி எங்கேயிருந்து வருகுது, சேர்?”

நல்ல கேள்வி. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துணிக்கை ஓட்டமான சூரியக் காற்று அந்த வாலை இழுத்து நீட்டுகிறது. ஒரு கட்டத்தில் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைந்து, இழுத்துவிட்ட றப்பர்போலப் பூமிப் பக்கம் சுருங்குகின்றன. இலத்திரன் போன்ற துணிக்கைகளும் கூடவே வலிமையான காந்தப்புலத்துக்குள் தள்ளப்படுகின்றன. புலம் இரட்டித்தால் அவற்றின் சுழற்சிச் சக்தியும் ஏறக்குறைய இரட்டிக்கும். கோடு குறுகும்போது, நெருங்கி வரும் இரண்டு சுவர்களுக்கிடையே அடிபடும் பந்துபோல வேகம் இன்னும் கூடும். அப்புறம் சிலவற்றை மின்காந்த அலைகள் பல இலட்சம் இலத்திரன் வோல்ற்றுக்கும் (துணிக்கைகளின் சக்தியை அளக்கும் அலகு) மேலே ஏற்றும். 2012இல் நாசா ஏவிய வான் அலன் செய்மதிகள் இதை நேரில் அளந்தன. 2010 ஏப்ரல் 5ஆம் திகதி, இப்படியொரு குழப்பத்தின்போது, கலக்ஸி 15 என்ற தொலைத்தொடர்புச் செய்மதி கட்டளைக்கு அடங்காமல் போய் மாதக்கணக்கில் மிதந்தது.

இதைப் படிப்பதற்கு விண்வெளி வானிலை என்று பெயர். நாசாவின் அளவீடுகள் இணையத்தில் இலவசம். ஒரு மடிகணினியும் பைதன் என்ற கணினி நிரல்மொழியும் போதும். இலங்கை காந்த மத்திய கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் நிலத்துக்குக் கிடையாக இருக்கும் கோடு) பக்கத்தில் இருப்பதும் நமக்கு வாய்ப்புத்தான்.

வேலை வீட்டு வாசலில் இராது. மேற்படிப்பு வேண்டும். வெளிநாட்டில் பௌதிகவியல் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் உதவித்தொகை உண்டு. போக விரும்பாவிட்டால் கற்பிக்கலாம், கணினித் துறைக்கும் போகலாம்.

ஆனால் மகள் கணக்கில் வியர்வை சிந்த வேண்டும். படம் மட்டும் பிடித்திருந்தால் போதாது. அதனால் ஒரு வேலை கொடுத்தனுப்பினேன்: ஒரு நாள் அளவீட்டை இறக்கி, தானே வரைபடம் கீறிக்கொண்டு வர வேண்டும். அதுவரை தனியார் பட்டத்தின் விண்ணப்பப் படிவத்தைத் தொடாதீர்கள், அம்மா. மாமாவின் இலக்கத்தைத் தாருங்கள், அவரோடு நான் கதைக்கிறேன்.