அம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. வயிறு உப்பிக்கொண்டே வந்ததால் ஸ்கேன் எடுத்தோம். சினைப்பையில் புற்றுநோய், மூன்றாம் நிலை என்று பயாப்சியில் வந்துவிட்டது. மூன்று கீமோ, பிறகு ஆபரேஷன், அதற்குப் பிறகு மறுபடி மூன்று கீமோ என்கிறார் டாக்டர். அம்மாவிடம் "வயித்துல நீர்க்கட்டி, அது கரைய மருந்து ஏத்தப் போறாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறோம். "விஷயம் தெரிஞ்சா அவளுக்குப் பாதி உயிர் போயிடும்" என்கிறார் அப்பா. அண்ணனும் அவர் பக்கம்தான். எனக்கோ அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவே முடியவில்லை. அடுத்த வாரம் முதல் கீமோ. சொல்ல வேண்டுமா? யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

பதில்: சொல்ல வேண்டும், அதுவும் முதல் கீமோவுக்கு முன்பே. ஆனால் எவ்வளவு சொல்வது என்பதை அப்பாவோ அண்ணனோ நீங்களோ முடிவு செய்யாதீர்கள். அம்மா முடிவு செய்யட்டும். "சொல்லலாமா, வேண்டாமா" என்று பேசிக்கொண்டிருக்கும் வரை வீட்டில் இரண்டு கட்சிதான். "அம்மாவுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு? அதை அவகிட்டயே கேட்டுடலாமே" என்று பேச்சை மாற்றிப் பாருங்கள். அப்பாவால் அதை அவ்வளவு எளிதாக மறுக்க முடியாது.

இன்னொன்று. நீங்கள் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது அம்மாவுக்கு ஓரளவு தெரிந்தேயிருக்கலாம். ஊசி போட்டு வயிற்றுத் தண்ணீரை எடுத்தார்கள், பயாப்சி எடுத்தார்கள், வீட்டில் எல்லாரும் அடுத்த அறைக்குப் போய்ப் போனில் பேசுகிறார்கள், கோபப்பட்டுக்கொண்டே இருந்த மகன் திடீரென்று சாந்தமாகிவிட்டான். இதையெல்லாம் கவனிக்காத அம்மா உண்டா? சரி, இதுவரை தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். கீமோ வார்டில் நாற்காலி நாற்காலியாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து நாற்காலியில் தலையில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண்மணி, வெகு சகஜமாக, "உங்களுக்கு எங்கே? எத்தனாவது சைக்கிள்?" என்று கேட்பார். அந்த வார்டில் அறிமுகமே அப்படித்தான் தொடங்கும். மகள் வாயால் தெரிய வேண்டியது அங்கே அப்படித் தெரிய வேண்டாம்.

அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே அவர் கட்சிதான். அமெரிக்காவில் 1961-ல் வெளியான ஓர் ஆய்வில், புற்றுநோய் என்பதை நோயாளியிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்றவர்கள் டாக்டர்களில் பத்துக்கு ஒன்பது பேர். 1979-ல் அதே கேள்விகளை மறுபடி கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வதே சரி என்றார்கள். இடையில் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. மருந்து என்று வந்தால் அதில் நோயாளிக்கும் வேலை உண்டு. விஷயம் தெரியாதவரிடம் அந்த வேலையை எப்படிக் கொடுப்பது?

அந்த வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். சினைப்பைப் புற்றுநோய்க்குப் பொதுவாக ஏற்றுவது கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்துகளை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மருந்து ஏறிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது அவசரம். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் காய்ச்சல் இறங்கும், உள்ளே தொற்று ஏறிக்கொண்டே போகும். இப்போது யோசித்துப் பாருங்கள். நீர்க்கட்டிக்கு மருந்து என்று நம்புகிற ஒரு அம்மா, லேசாக உடம்பு சுட்டால் உங்களை எழுப்புவாரா? "பிள்ளைங்க பாவம், தூங்கட்டும்" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். நல்ல எண்ணத்தில் மறைத்தது உயிருக்கே ஆபத்தாக முடிவது இப்படித்தான்.

கை கால் மரமரப்பும் அப்படியே. பாக்லிடாக்செல்லால் விரல் நுனிகள் மரத்துப்போகும், சட்டைப் பொத்தானைப் போடக்கூடக் கஷ்டமாகும். அதை அவர் சொன்னால்தான் டாக்டர் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும். முடி உதிர்வது இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தொடங்கும். தலையணை முழுக்க முடியோடு அவர் எழுந்திருக்கும் காலையில் உங்கள் நீர்க்கட்டிக் கதை முடிந்தது. ஒவ்வாமை வராமலிருக்க பாக்லிடாக்செல்லுக்கு முன்னால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அன்றைக்கும் மறுநாளும் தூக்கம் வராது, முகம் சிவக்கும், சர்க்கரை ஏறும். குடும்பமோ "கவலையில தூங்கலை" என்று நினைத்துக் கூடுதலாக மறைக்கும்.

உங்களுக்கும் அண்ணனுக்கும் நேரடியாகப் பொருந்தும் ஒரு விஷயமும் இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேருக்கு பி.ஆர்.சி.ஏ. 1 அல்லது 2 என்ற மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருக்கும். அதனால் அம்மாவுக்கு அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்வார்கள். மாற்றம் இருந்தால் 'பார்ப்' தடுப்பு மாத்திரை என்ற வகை மருந்து அம்மாவுக்கு நன்றாகப் பயன்படலாம். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க ஐம்பது சதவீதம் வாய்ப்பு; மகனுக்கும் அதே கணக்குதான், பெண்கள் சமாச்சாரம் என்று அண்ணன் ஒதுங்க முடியாது. முன்கூட்டியே தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் மரபணுப் பரிசோதனைக்கு அம்மாவின் சம்மதம் வேண்டும். எதற்கென்று தெரியாமல் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

இனி, எப்படிச் சொல்வது. ராபர்ட் பக்மன் உள்ளிட்ட டாக்டர்கள் 2000-ல் எழுதிவைத்த 'ஸ்பைக்ஸ்' என்ற முறையை இன்றும் டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது, சொல்வதற்கு முன்னால் இரண்டு முறை கேட்க வேண்டும் என்பதுதான்: உங்களுக்கு இதுவரை என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். வீட்டிலும் அதையே செய்யலாம். அம்மா களைத்திருக்காத ஒரு நேரம், கதவை யாரும் தட்டாத இடம், போன் அணைந்திருக்கட்டும். "அம்மா, இந்தக் கட்டியப் பத்தி உனக்கு என்ன தோணுது?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம், ஏதாவது பேசி நிரப்பத் தோன்றும். வேண்டாம். "சாதாரணக் கட்டின்னா இத்தனை டெஸ்ட் எதுக்குடி?" என்று அவரே ஆரம்பிக்கக்கூடும். அப்படி ஆரம்பித்தால்: "நீ நினைக்கிறது சரிதாம்மா. ரிப்போர்ட் வந்திருக்கு. நான் சொல்லட்டுமா, டாக்டரே சொல்லட்டுமா, இல்ல இப்போதைக்கு வேண்டாமா?"

சொல்லச் சொன்னால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். "கேன்சர்தாம்மா. மருந்து இருக்கு. அடுத்த வாரம் ஆரம்பிக்கிறாங்க. நாங்க கூடவே இருப்போம்." அவ்வளவு போதும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு அன்றைக்கு வேறெதுவும் ஏறாது. ஆறு கீமோ, ஆபரேஷன், மரபணு எல்லாம் இன்னொரு நாள். அழுதால் அழட்டும். "அழாதே, தைரியமா இரு" என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். எனக்கு இந்த "தைரியமா இரு" மீது ஒரு தீராத கோபம் உண்டு. மனதைத் திடமாக வைத்தால் கட்டி சுருங்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு, வலித்தாலும் பயந்தாலும் வெளியே சொல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் நோயாளிகள்தான் ஏராளம்.

"எனக்கு ஒண்ணும் சொல்லாதே, அண்ணன்கிட்ட பேசிக்கோங்க" என்று அம்மா சொன்னால்? அதுவும் அவருடைய முடிவுதான், மதிக்க வேண்டியது. காய்ச்சல் விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, "எப்ப வேணும்னாலும் கேளும்மா, பொய் சொல்ல மாட்டேன்" என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். பலர் இரண்டாவது மூன்றாவது கீமோ சமயத்தில் தாங்களாகவே கேட்பார்கள்.

"எவ்வளவு நாள் இருப்பேன்?" என்று கேட்டால் நீங்கள் எண் எதுவும் சொல்லாதீர்கள், டாக்டரிடம் சேர்ந்து கேட்போம் என்று சொல்லுங்கள். மூன்றாம் நிலை என்பது நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதன் கணக்கு, இத்தனை மாதம் என்பதன் கணக்கில்லை. இணையத்தில் கிடைக்கும் சராசரிகளும் அப்படித்தான். ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982-ல் ஒரு கடுமையான புற்றுநோய் வந்தது. அந்நோய் வந்தவர்களில் பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள் என்று புத்தகங்களில் இருந்தது. மற்றப் பாதிப் பேரும் இருக்கிறார்களே என்று அவர் பார்த்தார். இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002-ல் வேறொரு புற்றுநோயில்தான் இறந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு கூட்டத்தின் கணக்கை ஒருவர் தலையில் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரியாமல் தனியாகப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு பக்கவிளைவுக்கும் "நீதான் சொல்லி அவளை ஒடைச்சிட்டே" என்பார்கள். முதல் கீமோவுக்கு முன் டாக்டரிடம் ஒரு கால்மணி நேரம் கேட்டு வாங்கி மூவரும் போங்கள். "மறைத்தால் சிகிச்சையில் என்ன சிக்கல் வரும்?" என்று அண்ணனையே கேட்க வையுங்கள். காய்ச்சல் கதையை டாக்டர் வாயால் கேட்கும்போது அப்பா இறங்கி வர வாய்ப்பு அதிகம். பல சமயம் அப்பாக்களின் பயம் மனைவி உடைந்துபோவாள் என்பதைவிட, அதைத் தான் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது என்பதுதான். தனியாக இருக்கும்போது "உங்களுக்கு எப்படிப்பா இருக்கு?" என்று அவரையும் ஒருமுறை கேளுங்கள்.

வேலைப் பங்கீடு பற்றிச் சுருக்கமாக. ஃபைல் ஒருவர் கையில் இருக்கட்டும்: பயாப்சி ரிப்போர்ட், சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையின் அளவுகள், ஒவ்வொரு கீமோவின் தேதி, ரத்த எண்ணிக்கை. பயாப்சியில் எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடித் தகடும் மெழுகுக்கட்டியும் எங்கே இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். உறவினர் போனுக்கு ஒரே ஒருவர் பதில் சொல்லட்டும், அது அம்மாவாக இருக்க வேண்டாம். வாரத்தில் ஒரு அரைநாள் நீங்கள் ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமல் இருங்கள், இது ஆறு மாத ஓட்டம்.

வலித்தணிப்புப் பிரிவுக்கு, அதாவது பாலியேட்டிவ் கேருக்கு, இப்போதே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே போனாலே கடைசிக் கட்டம் என்று மிரள வேண்டாம். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் வந்த 151 பேரில் ஒரு பாதியினருக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தக் கவனிப்பும் சேர்த்துக் கிடைத்தது. அவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. இடைநிலைக் கணக்கில் இரண்டரை மாதத்துக்கும் மேலாக அதிகம் வாழ்ந்தார்கள். வாந்தி, வலி, தூக்கமின்மை, பயம் எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று: விஷயம் தெரிந்ததும் அம்மா உங்கள் மீது கோபப்படலாம். "இத்தனை நாளா நாடகமா ஆடினீங்க?" என்று கேட்டால் நியாயம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். "பயந்துட்டோம்மா" என்று சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் அப்பாவும் அறையில் இருப்பது நல்லது.