அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள்

கேள்வி: கணவர் இறந்து 5 வருடமாகிறது. நானும் பிளஸ் டூ படிக்கும் மகனும் மட்டும்தான். வெளியூர்க் கல்லூரி என்றாலே, "உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேம்மா" என்கிறான். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் ஆசை. 'பேட்ஸ் மோட்டல்' என்ற அமெரிக்கத் தொடரை என்னோடு சேர்ந்து பார்த்து முடித்த அக்கா, "நீயும் அந்த நார்மாதான்" என்றுவிட்டாள். அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன். தூக்கமே வரவில்லை. என் பாசம் பிள்ளையைக் கெடுத்துவிடுமா?

பதில்: அன்புச் சகோதரி, அந்த வார்த்தை எவ்வளவு சுட்டிருக்கும் என்று புரிகிறது. 5 சீசன்களையும் நானும் பார்த்திருக்கிறேன். மகனை விட்டுப் பிரிய முடியாத அந்த அம்மா நார்மாவாக வேரா ஃபார்மிகா நடித்ததைப் பார்த்து அழுதும் இருக்கிறேன்.

அவள் மகன் நார்மன் கெட்டது பாசத்தால் இல்லை. அவனுக்கு நோய். நினைவு தப்பிவிடும், அப்போது செய்தது எதுவும் பிறகு தெரியாது. அம்மாவை அடித்த அப்பாவை அப்படி ஒரு நேரத்தில்தான் மிக்ஸியால் அடித்துக் கொல்கிறான். நார்மா என்ன செய்தாள், ஞாபகம் இருக்கிறதா? உடலை கேரேஜுக்கு இழுத்துப் போய், அலமாரியை மேலே சரித்து, விபத்து என்று ஆக்கினாள். மகனிடம்கூட மறைத்தாள். அந்த மறைப்புதான் அவனுக்கு வைத்தியம் கிடைக்காமல் செய்தது. பிற்பாடு அவனது ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்றே ஊர் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் ரொமேரோவைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பாசத்தில் குறையே இல்லை, காலம்தான் கடந்துவிட்டது. (நிஜத்தில் மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொடக்கூட மாட்டார்கள். தொடரை வைத்து அவர்களை எடைபோட வேண்டாம்.)

உங்கள் மகனுக்கு நோயில்லை, அம்மாவைப் பற்றிய கவலைதான். ஆனால் நார்மாவின் மூத்த மகன் டிலனை நினைத்துப் பாருங்கள். தம்பியிடம் ஏதோ சரியில்லை என்று சொன்னவன் அவன். அவனையே அந்த வீட்டில் பல காலம் வேண்டாதவனாக வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இப்போது அக்கா நிற்கிறாள். சொன்ன விதம் தப்பு, சரி. அதற்காக அவளை வெளியே நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கே போன் போடுங்கள்.

அப்புறம் மகன். "நீ போப்பா" என்று வாய் சொல்லி, கண் கலங்கினால் அவன் கண்ணைத்தான் நம்புவான். அவன் இல்லாத சாயங்காலங்களில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். தையல் வகுப்போ, அக்கா வீடோ, எதுவானாலும். அதை இப்போதே ஆரம்பியுங்கள், அவன் கண்ணால் பார்க்கட்டும். கல்லூரி விண்ணப்பத்தை அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பலாம்.

தூக்கமின்மை தொடர்ந்தால் 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம்.