‘உஷார்படுத்தத்தான் ஃபார்வர்டு செய்தேன்’: வாசகர் கேள்விகள்

ஏழாம் வகுப்பு படிக்கும் மகனின் போட்டோவை வைத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் செய்து வகுப்புப் பையன்கள் ஓட்டுகிறார்கள். பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறான். மனசு கேட்காமல் எல்லாவற்றையும் டெலிட் செய்துவிட்டேன். இனி என்ன செய்யலாம்? (தென்காசி வாசகி)

டெலிட் செய்ததுதான் தப்பு. அழிக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது! முதலில் ஸ்கிரீன்ஷாட், அதில் தேதி, நேரம், அனுப்பியவர் எண் மூன்றும் தெரிய வேண்டும். அந்த குரூப்பில் இருக்கும் இன்னொரு பையனின் வீட்டில் கேட்டுப் பாருங்கள், அவர்கள் போனில் இருக்கும். பன்னிரண்டு வயசுக்கு ஏது சொந்த சிம்? அட்மின் எண் பெரும்பாலும் யாரோ ஒரு அம்மாவுடையதுதான். அவருக்கு ஒரு போன் போட்டாலே பாதி அடங்கிவிடும். அடங்காவிட்டால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மகனின் போனை மட்டும் பிடுங்காதீர்கள். சொன்னதற்கு இதுதான் பலன் என்றால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான்.

என் மகள் பெயரில் ஃபேக் ஐடி. ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லவும். அவசரம்.

ஊர் இல்லை, மகளின் வயது இல்லை, இன்ஸ்டாவா ஃபேஸ்புக்கா என்றுகூட இல்லை. நான் என்ன மை போட்டா பார்க்க முடியும்? இன்ஸ்டா என்றே வைத்துக்கொள்கிறேன். ஆளைத் தேடுவது போலீஸ் வேலை. புரொஃபைல் லிங்க்கை எடுத்துவைப்பது உங்கள் வேலை. யூசர்நேமை மாற்றினால் பழைய லிங்க் செத்துவிடும் என்பதால், பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன் ரெக்கார்டும் செய்யுங்கள். ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற இடத்தில் தொடங்கிய மாதமும், பெயர் எத்தனை முறை மாறியது என்பதும் பல கணக்குகளில் தெரியும். அதையும் எடுத்துவிட்டு ஆள்மாறாட்டம் என்று ரிப்போர்ட் செய்யுங்கள். அதுவரை எதையும் அழிக்காதீர்கள்.

பத்து வயது மகள் இன்ஸ்டா கேட்கிறாள். பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுத் தரலாமா?

கூடாது. 13 வயதுதான் குறைந்தபட்சம். 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் ‘டீன்’ கணக்கு வந்துவிட்டது: தானாகவே பிரைவேட், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. நீங்கள் 2000 என்று போட்டால் அந்தப் பூட்டு எதுவும் விழாது.

மகனுக்கு 16 வயது. முகம் தெரியாத பெண்ணோடு வீடியோ காலில் பேசியதை ரெக்கார்டு செய்து மிரட்டினார்கள். 5,000 ரூபாய் அனுப்பிவிட்டான். மறுபடி கேட்கிறார்கள். (திருப்பூர் வாசகர்)

இனி ஒரு பைசா அனுப்பக் கூடாது. கொடுத்தவனிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பணப் பரிமாற்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-இல் புகார். சாட்டை அழிக்காமல் எடுத்துவைத்த பிறகு பிளாக். 18 வயதுக்குக் கீழ் என்பதால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை அவனுக்கு உண்டு: வீடியோ போனை விட்டு வெளியே போகாது, அதன் ஹேஷ் (கைரேகை மாதிரி ஒரு அடையாளக் குறியீடு) மட்டும் போகும், சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்து வீடியோவை அடையாளம் கண்டு நீக்கும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும்தான், அவன் பெயர் வெளியே வராது. இன்று ராத்திரி அவனைத் தனியே படுக்க விடாதீர்கள். திட்டுவதை ஒத்திப்போடுங்கள்.

பள்ளிப் பெற்றோர் குரூப்பில் ஒரு மாணவியின் ஆபாசப் படம் வந்தது. மார்ஃபிங்தான் என்கிறார்கள். மற்றவர்களை உஷார்படுத்த இரண்டு குரூப்களுக்கு அனுப்பினேன். கணவர் தப்பு என்கிறார். தப்பா?

தப்பு மட்டுமில்லை, குற்றம். மாதம் நாலைந்து கடிதம் இப்படி வருகிறது, எல்லாமே ‘நல்ல எண்ணத்தில்’. அந்தப் பெண்ணின் படத்தை முதலில் விட்டவன் ஒருவன். தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது அக்கறையுள்ள அத்தைகளும் மாமாக்களும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குழந்தைகளின் ஆபாசப் படத்தை அனுப்புவது மட்டுமல்ல, தேடிப் பார்ப்பதும் டவுன்லோடு செய்வதும் குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். மார்ஃபிங் என்று தப்பவும் முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, குழந்தையைக் காட்டுவதுபோல் மாற்றிய படமும் போக்ஸோவுக்குள் வந்துவிட்டது. வைத்திருந்து பார்த்தால் மட்டும் குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

போன வாரம் ஒருவர் அப்படியொரு படத்தை எனக்கே அனுப்பி, “சார், இது ஒரிஜினலா பாருங்க” என்கிறார். திறக்கவில்லை, மங்கலான முன்னோட்டத்திலேயே சீருடை தெரிந்தது. சைபர்கிரைம் போர்ட்டலில் புகார் எண் வாங்கிய பிறகுதான் என் போனை விட்டு நீக்கினேன்.

ஸ்கிரீன்ஷாட் எடுங்கள் என்று ஓயாமல் சொல்லும் நானே சொல்கிறேன்: இதை மட்டும் எடுக்காதீர்கள். குரூப் பெயர், அனுப்பியவர் எண், தேதி, நேரம் போதும், தாளில் எழுதுங்கள். இந்தப் புகாரைப் பெயர் சொல்லாமலும் போர்ட்டலில் கொடுக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். நீங்கள் அனுப்பிய இரண்டு குரூப்களிலும் ‘எல்லோருக்குமாக நீக்கு’ கொடுங்கள். அதற்குள் யார் யார் சேமித்தார்களோ! ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு நீங்களே போய்ப் புகார் கொடுப்பது உத்தமம்.

பையன் கேமில் டைமண்ட் வாங்கி 3,000 ரூபாய் போய்விட்டது.

48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுள் பிளேயில் ரீஃபண்டு கேட்டுப் பாருங்கள். தாண்டிவிட்டால் கேம் கம்பெனியிடம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி இன்றே மாற்றுங்கள். அதைப் பையன் எதிரில் தட்டாதீர்கள்.

மகளுக்குத் தெரியாமல் அவள் போனைக் கண்காணிக்க நல்ல ஆப் எது? வயது 15.

தெரியாமல் என்றால் எதுவும் இல்லை. தெரிந்து என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க்.