பறுவம், அமாவாசை, சிறுகோள்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் 1999இல் கிளிநொச்சியில் காலை 8.10க்குப் பிறந்தவன். அப்போது எழுதுவித்த குறிப்பில் வளர்பிறைப் பிரதமை என்று இருக்கிறது. இப்போது கலியாணம் பேசும் இடத்தில் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்து, “பொடியன் அமாவாசையில் பிறந்திருக்கிறான்” என்று இழுத்தடிக்கிறார்கள். எது சரி? அமாவாசையில் பிறந்தால் அவ்வளவு கூடாதா?
- வாசகி, சுன்னாகம்

பதில்: ஊர்ச் சாத்திரியார் எழுதியது சரியாக இருக்கவே இடம் கூட. கொம்பியூட்டர் கணக்கில் பிழை விடாது. அதற்குக் கொடுத்த நேரம் பிழைத்திருக்கும். 1996 மே மாதம் இலங்கையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் நடுப்பகுதியில்தான் பழைய ஐந்தரை மணிக் கணக்கு (கிறீனிச் நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டுவது) திரும்பி வந்தது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ அந்தப் பத்தாண்டும் பழைய நேரத்திலேயே நின்றன. பழைய நேரமோ, புதிய நேரமோ என்று கேட்காமல் அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்றையும் கையில் எடுக்கக்கூடாது.

மென்பொருளில் ‘இலங்கை, 1999’ என்று கொடுத்தவுடன் அது ஆறு மணிக் கணக்கை எடுத்துக்கொள்ளும். உங்கள் 8.10 பழைய நேரமானால், பிள்ளை பிறப்பதற்கு அரை மணித்தியாலம் முந்திய வானத்தை அது போட்டுக் காட்டிவிடும். அந்த அரை மணித்தியாலத்தில் சந்திரன் சூரியனை விட்டு ஏறக்குறைய 15 கலை (60 கலை ஒரு பாகை) விலகும். மற்ற நாட்களில் இது ஒரு பொருட்டல்ல; அமாவாசை முடிகிற வேளையில் இதுவே திதியை (சந்திர நாளை) மாற்றிவிடும். சந்திரன் நின்ற பாகையிலிருந்து சூரியன் நின்ற பாகையைக் கழியுங்கள். மிச்சம் 348 முதல் 360 வரை என்றால் அமாவாசை. 0 முதல் 12 வரை என்றால் வளர்பிறைப் பிரதமை. முந்திய நேரத்துக்கு 359 பாகை 52 கலை வந்தால், அரை மணித்தியாலம் கழித்து 0 பாகை 7 கலை வரும். இதே இடைவெளியில் இலக்கினம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் புள்ளி) ஏழெட்டுப் பாகை நகர்ந்துவிடும், ராசியே மாறியிருக்கவும் கூடும். ஆகவே திதிக்குச் சண்டை பிடிக்க முதல் இலக்கினத்தைச் சரிபாருங்கள்.

பழைய கொப்பியில் ‘உதயாதி நாழிகை’ எழுதியிருந்தால் வேலை சுலபம். ஒரு நாழிகை 24 நிமிடம். சூரிய உதயத்திலிருந்து எண்ணுவதால் எந்த அரசாங்கம் எந்த மணிக்கூட்டைத் திருப்பினாலும் அது அசையாது. அன்றைய உதயம் பழைய நேரம் 6.10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு நேரம் 8.10 பழைய நேரமானால் கொப்பியில் 5 நாழிகை இருக்கும். புதிய நேரமானால் 3 நாழிகை 45 விநாடி. எது எழுதியிருக்கிறதோ அதற்கேற்ப மென்பொருளில் நேர வித்தியாசத்தைக் கையால் 5.30 அல்லது 6.00 என்று கொடுத்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

சரி, கடைசியில் அமாவாசை என்றே வந்தாலும் என்ன? ‘அமாவாசையில் பிறந்தவன் திருடன்’ என்ற கதையைக் குப்பையில் போடலாம். சாத்திரம் சொல்வது சந்திரனுக்குப் பட்ச பலம் (வளர்பிறை, தேய்பிறையால் வரும் வலு) இல்லை என்பதை மட்டுமே. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட பாகையை மூன்றால் வகுத்தால் பட்ச பலம். பறுவத்தில் (பௌர்ணமியில்) 60, அமாவாசையில் பூச்சியம். அது ஒரு பலம்தான், முழுச் சாதகமும் அல்ல. ஆடி அமாவாசையில் சந்திரன் சொந்த வீடான கடகத்தில் நிற்கும். விருச்சிக இலக்கினத்துக்குச் சந்திரன் ஒன்பதாம் அதிபதி, சூரியன் பத்தாம் அதிபதி. அவர்கள் சேர்ந்தால் தர்மகர்மாதிபதி யோகம். அமாவாசை என்ற ஒரு சொல்லுக்காக அப்படிப்பட்ட பொடியனை வேண்டாம் என்பவர்கள் இலக்கினத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

கேள்வி: யூடியூப்பில் ‘மகரத்தில் அமாவாசை’ என்கிறார்கள், பஞ்சாங்கத்தில் தனு என்று இருக்கிறது. ஒவ்வொரு அமாவாசையும் பறுவமும் என் சாதகத்தில் எங்கே விழுகிறது என்று நானே பார்த்துக்கொள்ள வழி உண்டா?
- வாசகர், மானிப்பாய்

பதில்: உண்டு. முதலில் ராசிக் குழப்பத்தைத் தீர்ப்போம். மேல்நாட்டார் சாயன முறையில் (வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து) எண்ணுகிறார்கள், நாங்கள் நிராயனத்தில் (நட்சத்திரங்களை வைத்து). இடையில் உள்ள அயனாம்சம் லாகிரிக் கணக்கில் இப்போது 24 பாகைக்குச் சற்றே கூட. யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்த இரண்டு அமாவாசைகளையே எடுங்கள். 2019 டிசம்பர் 26 அமாவாசை அவர்களுக்கு மகரம் 4 பாகை. அயனாம்சத்தைக் கழித்தால் எங்களுக்குத் தனு 10 பாகை, மூல நட்சத்திரம். 2010 ஜனவரி 15 அமாவாசை அவர்களுக்கு மகரம் 25 பாகை; கழித்தால் மகரம் 1 பாகை. முதலாவதில் ராசி மாறியது, இரண்டாவதில் மாறவில்லை. அவர்கள் சொல்லும் பாகை 24ஐத் தாண்டினால் மட்டுமே இரு முறையிலும் ராசி ஒன்றாக வரும்.

அடுத்தது பாகை. அமாவாசை ‘நாள்’ சாதகத்துக்கு உதவாது. திதி முடிகிற நிமிடம்தான் வேண்டும். அந்த நிமிடத்தில்தான் சூரியனும் சந்திரனும் ஒரே பாகையில் நிற்கின்றன. பறுவத்திலும் பூரணைத் திதி முடியும்போதே சரியாக எதிரெதிரே நிற்கின்றன. இதற்குத் திருக்கணிதத்தை (இன்றைய வானியல் கணக்கில் எழுதும் பஞ்சாங்கத்தை) பாருங்கள். விரதத்துக்கு வாக்கியம் (பழைய வாய்பாட்டுப் பஞ்சாங்கம்) பார்க்கிற வீட்டில் அதை மாற்றச் சொல்லவில்லை. பாகைக் கணக்குக்கு வாக்கியத்தின் திதி முடிவு நாழிகைக் கணக்கில் விலகும். இணைய அட்டவணை என்றால் அது கிறீனிச் நேரமாக இருக்கும், ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும். 2019 அமாவாசை கிறீனிச்சில் 5.13, எங்களுக்குக் காலை 10.43.

இனிச் சாதகத்தை எடுங்கள். அந்த ராசி இலக்கினத்துக்கு எத்தனையாம் வீடு, சந்திர ராசிக்கு எத்தனையாம் வீடு என்று பாருங்கள். பிறகு அந்தப் பாகைக்கு முன்னும் பின்னும் மூன்று பாகைக்குள் உங்கள் பிறப்புக் கிரகமோ இலக்கினமோ நிற்கிறதா என்று தேடுங்கள். 2019 அமாவாசைக்கு அது தனு 7 முதல் 13 வரை. நேரெதிர் மிதுனம் 7 முதல் 13 வரையும் கணக்கு. அங்கே ஒன்றும் இல்லையென்றால் அந்த மாதம் உங்களுக்குப் பேசாது. பெரும்பாலான மாதங்கள் அப்படித்தான் போகும். மாதாமாதம் பன்னிரண்டு ராசிக்கும் பலன் எழுதுகிறவர்களுக்கு இது பிடிக்காது.

அமாவாசையைத் தொடக்கமாகவும், ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து அதே ராசியில் வரும் பறுவத்தை அது வெளிச்சத்துக்கு வரும் நேரமாகவும் வாசிப்பது மேல்நாட்டு வழக்கம். எங்கள் முறையோடு முரண்படாததால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ராசிதான் ஒன்று, பாகை ஒன்றல்ல: 2019 அமாவாசைக்குப் பிறகு தனுவில் வந்த பறுவம் 2020 யூலை 5, பத்தொன்பதரைப் பாகையில். பத்தாம் பாகையில் கிரகம் உள்ளவருக்கு அமாவாசை தொட்டது, பறுவம் தொடவில்லை. பறுவத்தில் சந்திரன் நின்ற வீட்டை முதலாகவும், சூரியன் நின்ற எதிர்வீட்டைத் துணையாகவும் வாசிக்கவேண்டும். பலர் சூரியனை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் வாசிப்பு சரியா என்று சோதிக்க 19 ஆண்டு பின்னே போங்கள். அதே நாளை ஒட்டி, அதே பாகையை ஒட்டி அமாவாசை திரும்ப வரும். 2019 டிசம்பர் 26க்கு முந்தியது 2000 டிசம்பர் 25. பாகை வித்தியாசம் அரைப் பாகைகூட இல்லை. அந்த வீட்டு விஷயத்தில் அன்று ஏதும் நடந்ததா என்று பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லையென்றால் அடுத்ததற்கும் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம்.

கேள்வி: போயா விடுமுறை ஒரு நாள், பறுவ விரதம் மறுநாள் என்று சில மாதங்களில் வருகிறதே?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: ஒரு திதி 19 மணித்தியாலத்திலிருந்து 26 மணித்தியாலம் வரை நீளலாம், நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை. நண்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகலில் முடியும் திதிக்கு இரண்டு தேதி உரிமை கோரும். விடுமுறைக்குக் கலண்டர், விரதத்துக்கு உங்கள் வீட்டுப் பஞ்சாங்கம். தகப்பனுக்கு அமாவாசை பிடிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: பிதிர்கடனுக்குப் பார்ப்பது அபராண்ண வேளை. பகலை ஐந்து கூறாக்கினால் நான்காவது கூறு, ஆறுக்கு ஆறு பகலென்றால் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. அந்த நேரத்தில் அமாவாசை நிற்கிற நாளே நாள். கீரிமலைக்குப் போகிற நாளும் காத்தோட்டிக்காய் வாங்குகிற நாளும் அதுதான்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மருமகள் சீரிஸ், பல்லாஸ், யூனோ, வெஸ்டா, கைரன் என்று சாதகத்தில் போட்டு அனுப்பியிருக்கிறா. யூனோ ஏழாம் வீட்டில் நிற்பதால் கலியாணம் சிறக்குமாம். இவற்றை எங்கள் ராசிக் கட்டத்தில் எங்கே போடுவது?
- வாசகர், பருத்தித்துறை

பதில்: கட்டத்துக்கு வெளியே, பென்சிலால்.

சீரிஸ் 1801 ஜனவரி முதலாம் தேதி சிசிலியின் பலெர்மோவில் பியாற்சி கண்டது. பல்லாஸ் 1802, யூனோ 1804, வெஸ்டா 1807. நான்கும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றுகின்றன, ஒரு சுற்றுக்கு மூன்றரை முதல் நாலரை ஆண்டுக்குச் சற்றுக் கூட. மேல்நாட்டுச் சோதிடர் கையில் இவை பரவலாக வந்தது 1973இல் எலினோர் பாக் கிரகநிலை அட்டவணை வெளியிட்ட பிறகுதான். பலன்களை உரோமக் கிரேக்கத் தெய்வக் கதைகளிலிருந்து எடுத்தார்கள்: சீரிஸ் தானியத் தாய், ஆகவே ஊட்டலும் பிள்ளைப் பிரிவும்; பல்லாஸ் சூட்சுமமும் கைவினையும்; யூனோ மனைவி நிலை; வெஸ்டா அடுப்பு நெருப்பு, ஒன்றில் ஒன்றி நிற்றல்.

எங்கள் முறையில் இவற்றுக்கு இருக்கை இல்லை. இருபத்தேழு நட்சத்திரமும் ஒன்பது கிரகத்துக்கு மும்மூன்றாகப் பங்கிட்டாயிற்று, 120 ஆண்டுத் தசையும் (கிரகங்களின் ஆட்சிக் காலமும்) பங்கிட்டாயிற்று. சொந்த வீடும் தசையும் இல்லாத ஒன்று ஏழாம் வீட்டில் நின்றால் கலியாணத்தைக் கொடுக்கவோ கெடுக்கவோ அதற்கு அதிகாரம் எங்கிருந்து வரும்? ஏழாம் அதிபதியையும் சுக்கிரனையும் பாருங்கள். பொருத்தத்தில் யூனோவைச் சேர்க்கவே வேண்டாம்.

ஆசைக்குப் பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பாருங்கள். மருமகள் அனுப்பியது சாயனமாக இருக்கும். அயனாம்சம் கழித்தால் யூனோ ஆறாம் வீட்டுக்குப் போய்விடவும் கூடும். சூரியன், சந்திரன், இலக்கினம் இவற்றோடு ஒரு பாகைக்குள் சேர்ந்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பார்வை கொடுக்காதீர்கள். பல்லாஸில் கூடுதல் கவனம். அதன் பாதை ஏறக்குறைய 35 பாகை சாய்ந்தது. தாளில் சந்திரனோடு ஒரே பாகையில் நிற்பது வானத்தில் வெகு தூரத்தில் நிற்கலாம்.

கைரன் வேறு சாதி. 1977இல் சாள்ஸ் கோவல் கண்டது. சனிக்கும் யுரேனசுக்கும் இடையில், சுற்று ஏறக்குறைய 50 ஆண்டு. சில ராசியில் இரண்டு ஆண்டுக்குள் ஓடிவிடும், சில ராசியில் ஏழெட்டு ஆண்டு இருக்கும். ஒரே வகுப்பில் படித்தவர்களுக்குக் கைரன் பெரும்பாலும் ஒரே ராசியில்தான் நிற்கும், ஆகவே ‘கைரன் மீனத்தில்’ என்று தனி ஆளுக்குப் பலன் சொல்வது வீண்.

கேள்வி: என் பெயரிலேயே ஒரு சிறுகோள் இருக்கிறது. அது நான் விரும்புகிறவரின் சுக்கிரனில் நிற்கிறது!
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: எண் கொடுக்கப்பட்ட சிறுகோள்கள் ஏழு இலட்சத்துக்கு மேல். 360ஆல் வகுத்தால் ஒவ்வொரு பாகையிலும் சராசரி 1,900க்கு மேல் வரும். பெயருள்ளவை இருபதினாயிரத்துக்கு மேல். பாகைக்கு ஐம்பதுக்குக் குறையாது. அவருடைய சுக்கிரனில் உங்களோடு இன்னும் ஐம்பது பேர் நிற்கிறார்கள், தங்கச்சி. ஆளைப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: லிலித்தும் சிறுகோளா? எங்கள் மாந்தி, தூமன் எல்லாம் அப்படித்தானா?
- வாசகர், நல்லூர்

பதில்: லிலித் என்று ஒரு சிறுகோள் உண்டு, எண் 1181. ஆனால் சாதகங்களில் ‘கறுப்பு நிலா லிலித்’ என்று போடுவது அதை அல்ல. சந்திரன் பூமிக்கு மிகத் தூரமாகப் போகும் புள்ளியை. அது ஏறக்குறைய 8 ஆண்டு 10 மாதத்தில் ஒரு சுற்று வரும். இரண்டையும் கலந்து பலன் சொல்லுகிற தளங்கள் இருக்கின்றன. எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு வாசியுங்கள்.

மாந்தி, தூமன் முதலிய உபகிரகங்கள் வானத்தில் உள்ள உருண்டைகளே அல்ல, கணக்குப் புள்ளிகள். மாந்தி கிழமையையும் பகல் இரவு நீளத்தையும் கொண்டு வருவது. உதய நேரம் பிழைத்தால் மாந்தியும் பிழைக்கும். தூமன் குடும்பம் ஐந்தும் சூரியனிலிருந்து மட்டுமே வருவன. சூரியனோடு 133 பாகை 20 கலை கூட்டினால் தூமன். அதை 360இல் கழித்தால் வியதீபாதன். அதோடு 180 கூட்டினால் பரிவேடன். அதை 360இல் கழித்தால் இந்திரதனு. அதோடு 16 பாகை 40 கலை கூட்டினால் உபகேது. சூரியன் மேடம் 10 பாகையில் என்றால் முறையே 143.20, 216.40, 36.40, 323.20, 340. உபகேதுவோடு 30 பாகை கூட்டினால் சூரியன் நின்ற பாகையே திரும்ப வரவேண்டும். வராவிட்டால் இடையில் எங்கோ கழித்தல் பிழைத்திருக்கிறது.