டொமைன் பணம் யாருக்கு எவ்வளவு? – கேள்வி பதில்

கே: டாட் காம் பெயருக்கு நான் கட்டும் பணத்தில் ரெஜிஸ்ட்ரிக்கு எவ்வளவு, விற்ற ரெஜிஸ்ட்ராருக்கு எவ்வளவு?

ப: டாட் காமை நடத்தும் ரெஜிஸ்ட்ரியான வெரிசைன் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 10.26 டாலர், 2024 செப்டம்பரில் வந்த விலை. இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்புக்கு 20 சென்ட். மிச்சம்தான் ரெஜிஸ்ட்ராருக்கு. அவர் 11 டாலருக்கு விற்றாலும் 25 டாலருக்கு விற்றாலும் முதல் இரண்டும் மாறாது. 11 டாலருக்கு விற்றால் மிஞ்சுவது 54 சென்ட். கார்டு கட்டணமும் அதற்குள்தான். பணம் கட்டப் போகும்போது மின்னஞ்சல், ஹோஸ்டிங், அது இது என்று நான்கைந்து டிக் பெட்டிகள் வழிமறிப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கே: ஆப் ஸ்டோர் மாதிரி சதவீதமாகப் பிரித்தால் நியாயமாக இருக்காதா?

ப: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டொமைனைச் சும்மா கொடுத்துவிட்டு ஹோஸ்டிங்குக்குக் காசு வாங்குகிறவரிடம் எதில் சதவீதம் கேட்பது? ரெஜிஸ்ட்ரி ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விலை (மொத்த வியாபார விலை) நிலையாக இருந்தால் இந்தத் தகராறே வராது. என் குறை அது ஏறும் விதத்தில். 2012 முதல் 7.85 டாலரிலேயே நின்றிருந்த டாட் காம் விலை, 2018-இல் அமெரிக்க வணிகத் துறை பிடியைத் தளர்த்தியபின், 2021 முதல் 2024 வரை உச்சவரம்பான 7 சதவீதம் வீதம் ஆண்டுக்கு ஒன்றாக நான்கு முறை ஏறியது. டாட் ஷாப், டாட் ஆன்லைன் போன்ற புதிய நீட்டிப்புகளுக்கு அந்த உச்சவரம்பும் இல்லை. புதுப்பிப்பு விலையை ஏற்ற 6 மாதம் முன்பு சொன்னால் போதும். அந்த இடைவெளியில் பழைய விலையிலேயே 10 ஆண்டு வரை புதுப்பித்துக்கொள்ளலாம்.

கே: முதல் ஆண்டு 1 டாலர் என்கிறார்களே, நஷ்டம் யாருக்கு?

ப: புதிய நீட்டிப்பு என்றால் பல நேரம் ரெஜிஸ்ட்ரியே மொத்த விலையைக் குறைத்திருக்கும். டாட் காம் என்றால் பெரும்பாலும் ரெஜிஸ்ட்ராரின் கைக்காசு.

கே: காலாவதியான பெயரை ஏலம் விட்டால் ரெஜிஸ்ட்ரிக்குப் பங்கு உண்டா?

ப: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். டாட் காம் பெயர் காலாவதியானதும் ரெஜிஸ்ட்ரி அதைத் தானாகவே ஓர் ஆண்டு புதுப்பித்து, ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் 10.26 டாலரைக் கழித்துவிடும். 45 நாளுக்குள் பெயரை நீக்கினால் பணம் திரும்ப வரும். சொந்தக்காரர் வருவாரா மாட்டாரா என்று காத்திருக்கும் அத்தனை நாளும் முடங்குவது ரெஜிஸ்ட்ராரின் பணம்; சிறிய நிறுவனங்களுக்கு இது கழுத்தை நெரிக்கும். அதற்கு ஈடுதான் ரெஜிஸ்ட்ரார் விடும் ஏலம் என்பார்கள். சரி, ஆனால் பெயர் 5,000 டாலருக்குப் போனாலும் ரெஜிஸ்ட்ரிக்கு அதே 10.26தான், பழைய சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. பங்கீடு பற்றிப் பேசுவதானால் நான் அவரிலிருந்துதான் தொடங்குவேன். அந்தப் பெயருக்கு மதிப்பு வந்ததே அவரால்தானே?

கே: ரெஜிஸ்ட்ரியே ரெஜிஸ்ட்ராராகவும் இருக்கலாமா?

ப: இரண்டும் ஒருவரிடமே இருக்கக் கூடாது என்ற தடை இருந்தது; புதிய நீட்டிப்புகளுக்காக ஐகேன் 2010-இல் அதை எடுத்துவிட்டது. 2020-இல் ரெஜிஸ்ட்ராரான கோடாடி, நியூஸ்டார் நிறுவனத்தின் ரெஜிஸ்ட்ரி பிரிவையே வாங்கியது. சொந்த ரெஜிஸ்ட்ராருக்குத் தனிச் சலுகை கூடாது, கணக்குப் புத்தகம் தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தாலும் மொத்த விலை ஏறும்போது மற்றவர்களுக்கு அது செலவு. இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிற பணம்.