வட்டார வரலாற்றுப் பேராசிரியர் ஆக என்ன வழி? – வாசகர் கேள்வி பதில்

எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். கொங்கு நாட்டு வரலாற்றில் ஆய்வு செய்து பேராசிரியர் ஆக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, தாராபுரம்

முதுகலையில் 55 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) இருந்தால் நெட் (உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) அல்லது அதன் மாநில வடிவமான செட் தேர்வு எழுதலாம். நெட்டில் ஒரே அமர்வில் 3 மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் ஒன்றையும் விடாதீர்கள். வட்டார வரலாற்றுக்குத் தனித்தாள் கிடையாது. சிந்துவெளி தொடங்கி வரலாற்று வரைவியல் வரை அத்தனையும் கேட்பார்கள். சொந்த வட்டாரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட டெல்லி சுல்தான்களையும் முகலாயர் நிர்வாகத்தையும் ஒதுக்கிவிட்டுத் தேர்வில் சறுக்குகிறார்கள்.

நெட் தேர்வு வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. நெறியாளரை அணுகும் முன் அவரிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம்.

சம்பளமும் பதவி உயர்வும் எப்படி?
– வாசகர், ஈரோடு

ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், இணைப் பேராசிரியருக்கு 1,31,400, பேராசிரியருக்கு 1,44,200. பேராசிரியர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்க 10 ஆண்டு அனுபவமும் 10 ஆய்வு வெளியீடுகளும் 120 ஆய்வு மதிப்பெண்ணும் கேட்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018-ஆம் ஆண்டு விதி. அரசுக் கல்லூரி இடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. பல்கலைக்கழக இடங்களை அந்தந்தப் பல்கலைக்கழகமே அறிவிக்கும். இரண்டையும் கவனித்து வாருங்கள்.

'கரூர் வட்ட வரலாறு' என்று தலைப்புக் கொடுத்தேன். மிகவும் அகலம் என்று நெறியாளர் திருப்பிவிட்டார். என்ன செய்வது?
– வாசகர், கரூர்

அவர் சொன்னது சரி. சங்ககாலம் முதல் இன்றுவரை என்று எழுதினால் பழைய மாவட்டக் கையேட்டில் இருப்பதையே திரும்ப எழுதுவீர்கள். இடம், காலம், சான்று மூன்றையும் சேர்த்துக் குறுக்குங்கள். '1860 முதல் 1910 வரை அமராவதிக் கரை வாய்க்கால் பாசனமும் இனாம் நிலங்களும்' (வரி நீக்கியோ குறைத்தோ கொடையாக விட்ட நிலங்கள்) என்று வைத்துக்கொண்டால் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

எல்லைகள் மாறிய கதையை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் நேரத்தைத் தொலைப்பது இங்கேதான். கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டம், பிறகு திருச்சிராப்பள்ளி, 1995-இல் தனி மாவட்டம். ஆகவே 1885-ஆம் ஆண்டுக் கரூர் வருவாய்க் கோப்பைத் திருச்சித் தொகுதிகளில் தேடினால் கிடைக்காது. 1887-இல் ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர்க் கையேட்டில்தான் கரூரும் இருக்கிறது. தாராபுரமும் இப்படித்தான்: கோவை, 1979-க்குப் பிறகு ஈரோடு, 2009-க்குப் பிறகு திருப்பூர். கொள்ளேகாலம் கோவையில் இருந்து 1956-இல் மைசூருக்குப் போனது.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கோப்பை ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. அந்த ஆண்டின் பொருளடைவுத் தொகுதியைப் புரட்டி, துறை, நடவடிக்கை எண், தேதி மூன்றையும் குறித்து, அதன் பிறகு சீட்டு எழுதுங்கள். ஒன்று பிசகினாலும் 'இல்லை' என்று சீட்டு திரும்பி வரும். இனாம் பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள்: நிலத்தின் பரப்பு, கொடுத்தவர், முதலில் பெற்றவர், அப்போது அனுபவித்தவர் என ஒரு கிராமத்தின் பல தலைமுறைகள் ஒரே வரிசையில் கிடக்கும். வருவாய்க் கணக்குகள் பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு) இருக்கும்; 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1270 என்றால் 1860 ஜூலை முதல் 1861 ஜூன் வரை. வெறுமனே '1860' என்று எழுதினால் பாதி ஆண்டு பிசகும்.

கோயில் கல்வெட்டை நானே படி எடுக்க வேண்டுமா?
– ஆய்வு மாணவி, கோவை

முதலில் அது ஏற்கெனவே படியெடுக்கப்பட்டதா என்று 1887 முதல் வெளிவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் பாருங்கள். அதில் இருப்பது சுருக்கம் மட்டும். அதை மூலபாடம்போல மேற்கோள் காட்டுவது ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் பிழை. பாடம் அச்சாகவில்லை என்றால் தொல்லியல் துறையிடமும் கோயில் நிர்வாகத்திடமும் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கி, பழகியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மைப்படி (தாளில் மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுங்கள்.

கல்லில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் தண்ணீரும் நார்த் தூரிகையும் கொண்டு மட்டும் போக்குங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தூரிகையால் தட்டுங்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். தாள் அரைகுறையாகக் காய்ந்ததும் துணிப்பொதியில் மையைத் தொட்டு லேசாக ஒற்றுங்கள். ஈரம் அதிகமிருந்தால் மை பள்ளத்துக்குள் கசிந்து எழுத்து கறுத்துப்போகும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பிக் கோடு இரட்டிக்கும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள்.

எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றிடம் செப்பேடு இருக்கிறது. சான்றாகக் காட்டலாமா?
– வாசகர், பல்லடம்

சோதித்துவிட்டுக் காட்டுங்கள். செப்பேட்டில் குறித்திருக்கும் சக ஆண்டோடு (பழைய ஆண்டுக் கணக்கு) 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு. அதனுடன் வரும் தமிழ் ஆண்டுப் பெயர் பொருந்த வேண்டும்: 1987 அந்த வரிசையின் முதல் பெயரான பிரபவ, அதிலிருந்து 60 ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பும். சக 1721 என்றால் 1799, ஆகவே சித்தார்த்தி என்று இருக்க வேண்டும். ஓராண்டு முன்பின் வருவது உண்மையான செப்பேடுகளிலும் சகஜம். பத்து இருபது ஆண்டு தள்ளி நின்றால் பின்னாளில் எழுதியதாக இருக்கலாம். அப்படி இருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். நில வழக்குக்காகவோ கோயில் மரியாதைக்காகவோ எந்தத் தலைமுறையில் அதை எழுதிக்கொண்டார்கள் என்று தேடினால் அதுவே ஓர் அருமையான ஆய்வுப் பொருள்.

செப்பேட்டை வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில், அளவுகோல் வைத்து, இரு பக்கமும் படம் எடுங்கள். ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். பெயரைக் குறிப்பிட அவர்கள் சம்மதிக்கிறார்களா என்று அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.